கடன் அடைத்த நாளுக்கு ஒரு திருவிழா: துவாலுவின் ‘தீவு நாட்கள்’

பசிபிக் தீவுத் திருவிழா என்றதும் பலருக்கும் ஹவாய்தான் நினைவுக்கு வரும். பூமாலை, ஆட்டம், கடற்கரை விடுதி, கேமராவோடு சுற்றுலாப் பயணிகள். அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுவோம். இந்தக் கட்டுரை துவாலு என்ற குட்டி நாட்டைப் பற்றியது. மொத்தம் ஒன்பது தீவுகள். எல்லாம் சேர்த்து 26 சதுர கிலோமீட்டர் நிலம். 2017 கணக்கெடுப்பில் மக்கள்தொகை பத்தாயிரத்துச் சொச்சம். சுற்றுலாப் பயணிகள் மிகக் குறைவாகவே வரும் நாடுகளில் இதுவும் ஒன்று. அதனால் இங்கே நடக்கும் விழாக்கள் யாருக்கும் காட்டுவதற்காக நடப்பவை இல்லை.

இந்த நாட்டில் தீவுகள் தங்களுக்கென்று தனி விழா நாள் வைத்திருக்கின்றன. ஒரு தீவு கடனை அடைத்த நாளைக் கொண்டாடுகிறது. இன்னொரு தீவு கடல் பொங்கி ஊருக்குள் வந்த நாளை நினைவுகூர்கிறது. தலைநகரத் தீவுக்குக் குண்டு விழுந்த நாள். இதெல்லாம் ஏன் விழாவானது, அன்று ஊரில் என்ன நடக்கும் என்று பார்க்கலாம்.

முதலில் நிலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கடலுக்கு நடுவே ஓர் எரிமலை. அதன் கரையைச் சுற்றிப் பவழம் வளர்கிறது. மலை மெல்ல மெல்ல அமிழ, பவழம் மட்டும் வெளிச்சத்தைத் தேடி மேலே வளர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் மலை மறைந்துவிடும், வளையம் மிஞ்சும். வளையத்துக்குள்ளே அமைதியான காயல், வெளியே ஆழ்கடல். வளையத்தின் மேல் அலை ஒதுக்கிய மணலும் பவழச் சில்லும் சேர்ந்த இடங்களில்தான் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். இந்த விளக்கத்தை 1842இல் எழுதியவர் டார்வின். அது சரிதானா என்று பார்க்க 1890களின் கடைசியில் லண்டன் ராயல் சொசைட்டி ஆட்கள் துளை போட்டது துவாலுவின் தலைத்தீவான ஃபூனாஃபூட்டியில். முந்நூறு மீட்டருக்குக் கீழே போயும் பவழச் சுண்ணாம்புதான் வந்தது. நமக்குப் பக்கத்தில் லட்சத்தீவும் மாலத்தீவும் இதே வகை. துவாலுவின் ஒன்பதில் ஆறு இப்படிப்பட்ட வளையத் தீவுகள், மற்ற மூன்றும் தனித்தனிப் பவழத் திட்டுகள்.

இந்த நிலத்தில் ஆறு கிடையாது. மலை கிடையாது. மண் என்று சொல்லும்படியாக எதுவும் பெரிதாக இல்லை. தென்னை வருடம் முழுக்கக் காய்க்கிறது, மீன் வருடம் முழுக்கக் கிடைக்கிறது. நெல் வயல் இருக்கும் ஊரில் அறுவடையே விழாவுக்குத் தேதி குறித்துக் கொடுத்துவிடும். இங்கே அப்படிக் குறித்துக் கொடுக்க எதுவும் இல்லை. ஆகவே துவாலுவின் காலண்டரில் இரண்டு வகை நாட்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. ஒன்று, தேவாலயம் கொண்டுவந்த கிறிஸ்துமஸ், ஈஸ்டர் போன்றவை. மற்றொன்று, அந்தந்தத் தீவில் உண்மையிலேயே நடந்த ஏதோ ஒரு சம்பவம். இந்த இரண்டாம் வகையைத்தான் நான் ‘தீவு நாள்’ என்கிறேன்.

வைடுபுவின் கடன்

எல்லாத் தீவு நாட்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது வைடுபு தீவினுடையது. தேதி நவம்பர் 25. பெயர் ‘தே ஆசோ ஃபியாஃபியா’, அதாவது மகிழ்ச்சி நாள்.

கதை இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தத் தீவுகளுக்குக் கொப்பரை வாங்க வியாபாரிகள் வர ஆரம்பித்தார்கள். துணி, இரும்புச் சாமான், புகையிலை எல்லாம் கப்பலில் வரும், கொப்பரை திரும்பப் போகும். வைடுபுவில் தாமஸ் வில்லியம் வில்லியம்ஸ் என்ற வியாபாரி ஊர்க்காரர்களைச் சேர்த்து ‘வைடுபு கம்பெனி’ என்று ஒன்றை ஆரம்பித்தார். சமோவாவின் ஆப்பியா நகரத்திலிருந்து இயங்கிய ரூகே என்ற ஜெர்மன் வணிக நிறுவனத்தோடுதான் கணக்கு வழக்கு. கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு பாய்மரக் கப்பல்கூட ஓடியது. அதன் பெயர் வைடுபுலெமெலே.

கம்பெனி படுத்துவிட்டது. கப்பல் செலவும் சேர்ந்துகொண்டது. கடைசியில் தீவின் தலைமேல் விழுந்தது 13,000 டாலர் கடன். கடனைக் கட்டாவிட்டால் தீவையே எடுத்துக்கொள்வோம் என்று ரூகே நிறுவனம் மிரட்டியது.

அந்தத் தொகையை இன்றைய மதிப்புக்கு மாற்றிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. சில நூறு பேர் வாழ்ந்த தீவு, கூலி வேலை என்று ஒன்றும் இல்லாத இடம், விற்பதற்கு இருந்த முக்கியச் சரக்கு தேங்காய். அங்கே 13,000 டாலர் என்பது ஒரு தலைமுறையே சுமக்கக்கூடிய பாரம். ஆனாலும் கட்டினார்கள். கடைசித் தவணை கட்டி முடித்த நாள் 1887 நவம்பர் 25. நிலம் தப்பியது. அந்த நாளை வைடுபு மக்கள் இன்றுவரை விட்டுவிடாமல் கொண்டாடுகிறார்கள்.

ஒரு போரில் ஜெயித்த நாளையோ, ராஜா பிறந்த நாளையோ கொண்டாடுவது எங்கும் உள்ளது. கடைசித் தவணை கட்டிய நாளை 130 ஆண்டுகளுக்கு மேலாக ஊர் கூடிக் கொண்டாடும் இன்னோர் இடம் எனக்குத் தெரியாது. வங்கிக்காரர்களும் கந்துவட்டிக்காரர்களும் கேட்டால் நெளிவார்கள். ஆனால் அதன் நியாயம் தெளிவானது. பவழத் தீவில் நிலம் போனால் ஒதுங்குவதற்கு அடுத்த ஊர் என்று ஒன்று கிடையாது, சுற்றிலும் கடல்தான். அன்று தப்பியது அவர்களுக்கு இருந்த மொத்தமும்.

குண்டும் புயலும்

தலைத்தீவான ஃபூனாஃபூட்டிக்கு நினைவு நாட்கள் இரண்டு.

ஒன்று ஏப்ரல் 23, ‘தே ஆசோ ஓ தே பாவுலா’, குண்டு நாள். 1942 அக்டோபரில் அமெரிக்கப் படை இங்கே வந்து இறங்கியது. தென்னந்தோப்புகளையும் கிழங்குக் குழிகளையும் அழித்து, தீவின் அகலமான பகுதியில் விமான ஓடுதளம் போட்டார்கள். ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த தீவுகளைத் தாக்க இங்கிருந்து குண்டு விமானங்கள் புறப்பட்டன. பதிலுக்கு ஜப்பானிய விமானங்கள் இங்கே வந்தன. 1943 ஏப்ரல் 23 அன்று ஏறக்குறைய 680 பேர் தேவாலயத்துக்குள் ஒதுங்கியிருந்தார்கள். சுவர்கள் கான்கிரீட், கூரை தாழை ஓலை. ஊரில் அதைவிடப் பலமான கட்டடம் இல்லை, அதனால் அங்கே போனது இயல்புதான். லேட் என்ற அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் வந்து, இங்கே இருக்காதீர்கள், பதுங்குகுழிக்குப் போங்கள் என்று அவர்களைப் பேசி நகர்த்தினார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தேவாலயத்தின் மேல் குண்டு விழுந்தது.

இரண்டாவது அக்டோபர் 21, புயல் நாள். 1972இல் அன்றுதான் பேபே என்ற புயல் ஃபூனாஃபூட்டியைப் புரட்டிப் போட்டது. வீடுகளில் பெரும்பாலானவை தரைமட்டம். கடல் தீவின் குறுக்கே ஏறிப் போனது. பவழப் பாறையிலிருந்து பெயர்ந்த கற்களை அலைகள் அள்ளி வந்து கடலோரமாகக் குவித்ததில், ஒரே இரவில் பதினெட்டு கிலோமீட்டருக்கும் நீளமான கல்கரை ஒன்று எழுந்தது. சில இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டிய கரை. பிறகு வந்த ஆண்டுகளில் அலைகளே அந்தக் கற்களைச் சிறிது சிறிதாகக் கரைப்பக்கம் தள்ளின, அவை நிலத்தோடு சேர்ந்துகொண்டன. வீட்டை எடுத்துக்கொண்ட புயல் நிலத்துக்குக் கல் போட்டுவிட்டுப் போனது விசித்திரம்தான்.

மற்ற தீவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூயி தீவு பிப்ரவரி 16 அன்று 1882இல் வந்த பெரிய அலையை நினைவுகூர்கிறது. இந்தத் தீவில் மட்டும் பேச்சுமொழி துவாலு மொழி இல்லை, அண்டை நாடான கிரிபாத்தியின் மொழிக்கு நெருங்கியது. அதனால் விழாவின் பெயரும் அந்த மொழியிலேயே இருக்கிறது. நனுமேயா தீவு ஜனவரி 8இல் தன் மூதாதையான தெஃபொலாஹாவை நினைக்கிறது. அவர் வருவதற்கு முன்னால் அந்தத் தீவு பய், வவ் என்ற இரண்டு பெண்களுக்குச் சொந்தமாக இருந்ததாகவும், அவர்களுடைய பெயர்களைத் தந்திரமாகத் தெரிந்துகொண்டு தெஃபொலாஹா தீவைத் தன்னுடையதாக்கிக்கொண்டதாகவும் கதை. நனுமங்காவுக்கு ஏப்ரல் 15, நுக்குஃபெட்டாவுக்கு பிப்ரவரி 11, நியூட்டாவோவுக்கு செப்டம்பர் 17. ஒன்பதாவது தீவான நியூலகிட்டாவில் 1949இல்தான் நியூட்டாவோ மக்கள் வந்து குடியேறினார்கள்.

நுக்குலாயெலாயெ தீவு மே 10ஐக் கொண்டாடுகிறது. குக் தீவுகளின் மனிஹிக்கியைச் சேர்ந்த எலெக்கானா என்ற தேவாலய ஊழியர் படகில் போகும்போது திசை தவறி, எட்டு வாரம் கடலில் மிதந்து, 1861 மே 10 அன்று இங்கே கரை சேர்ந்தார். துவாலுவுக்குக் கிறிஸ்தவம் வந்தது அவரோடுதான். இன்று நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள், மே மாதத்தில் நற்செய்தி நாள் என்று தேசிய விடுமுறையே இருக்கிறது. எலெக்கானா வந்து இரண்டே வருடத்தில், 1863இல், பெருவிலிருந்து அடிமை வேட்டைக் கப்பல்கள் வந்து இதே தீவின் மக்களில் பெரும்பாலோரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டன. போனவர்கள் திரும்பவில்லை. ஒரு சின்ன ஊரின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சம்பவம் இருக்க முடியாது. ஆனாலும் விழா நாளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1861தான். தீவு நாள் எதை நினைக்கிறது என்பதோடு எதை விட்டுவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது முழுதாகப் புரியும்.

அன்று என்ன நடக்கும்?

விழாவின் மையம் மனேயாபா. ஊர்ச் சபைக் கூடம் என்று சொல்லலாம். பெரிய கூரை, பக்கங்கள் திறந்திருக்கும், தரையில் தாழம்பாய். மூத்தவர்கள் தூண்களில் முதுகு சாய்த்து உட்காருவார்கள். காலை நீட்டி உட்காருவது மரியாதைக் குறைவு, சம்மணம்தான். ஊர் விஷயங்களை முடிவெடுக்கும் மூத்தோர் சபை ஃபலேகவுபுலே கூடுவதும் இங்கேதான். 1997இல் வந்த சட்டம் அந்தச் சபையை உள்ளாட்சியின் முறையான பகுதியாகவே ஆக்கிவிட்டது. ஆக, பஞ்சாயத்தும் பந்தியும் ஆட்டமும் ஒரே கூரையின் கீழ்.

காலையில் ஜெபம். அப்புறம் பேச்சு. நீளமான பேச்சு. அந்த நாளின் வரலாற்றை மூத்தவர்கள் மறுபடி சொல்லுவார்கள், சிறுவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எழுத்தில் கொஞ்சமாகவே பதிவான ஊர்களில் இந்தப் பேச்சுதான் பாடப்புத்தகம். வெளியாட்களுக்கு இது அலுப்பூட்டும் பகுதி. என்னைக் கேட்டால் விழாவின் முக்கியப் பகுதி இதுதான், ஏனென்றால் இது இல்லாவிட்டால் மிச்சமிருப்பது வெறும் விருந்து.

விருந்தும் சாதாரணமில்லை. பன்றி, மீன், ஈரப்பலா, தேங்காய், எல்லாவற்றுக்கும் மேலே புலாக்கா. புலாக்கா என்பது சேம்பு இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய கிழங்கு. இதை வளர்ப்பதே ஒரு கலை. பவழ மணலை ஆழமாகத் தோண்டி, அடியில் மிதக்கும் நன்னீர்ப் படலத்தைத் தொடும்வரை குழி வெட்டி, இலைச்சருகைக் கொட்டிக் கொட்டி எருவாக்கி, அதில் நடுவார்கள். மண்ணே இல்லாத இடத்தில் கையால் மண் செய்கிறார்கள் என்று அர்த்தம். யார் குழியில் பெரிய கிழங்கு விளைந்தது என்பது மானப் பிரச்சினை. குழியின் நுணுக்கங்களைக் குடும்பத்துக்கு வெளியே சொல்லமாட்டார்கள். கிழங்கைத் துருவி, இலையில் கட்டி ஆவியில் வேகவைத்து, தேங்காய்ப்பால் சேர்த்தால் ஃபெக்கேய். விழாவுக்கு விழா இது இருக்கும். இப்போது பந்தியில் கப்பலில் வந்த அரிசியும் டின் இறைச்சியும் கோழியும் சேர்ந்துவிட்டன, அதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

ஆட்டத்தின் பெயர் ஃபாத்தேலே. நடுவில் ஒரு மரப்பெட்டி. ஆண்கள் அதைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்து உள்ளங்கையால் தட்டுவார்கள். பாட்டு மெதுவாக ஆரம்பிக்கும். சில வரிகள்தான், அவையே திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடும், குரல் ஏறும், தட்டு பலக்கும். பின்னால் நிற்கும் ஆட்டக்காரர்கள், பெரும்பாலும் பெண்கள், இடுப்பில் சாயமேற்றிய ஓலைப் பாவாடையும் தலையில் பூவளையமுமாக, கைகளால் பாட்டின் பொருளைக் காட்டி ஆடுவார்கள். இதற்குமேல் வேகம் முடியாது என்ற கட்டத்தில் எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிடும். அடுத்த கணம் எதிர்ப்பக்கம் தன் பாட்டை ஆரம்பிக்கும்.

அந்த ‘எதிர்ப்பக்கம்’ முக்கியம். விழா என்றால் ஊர் இரண்டு பக்கமாகப் பிரியும். நனுமேயாவில் இந்த இரு பக்கங்களுக்கும் லொலுவா, ஹவுமயேஃபா என்று பெயர் உண்டு. கிறிஸ்துமஸிலிருந்து நாள் கணக்கில் நீளும் கொண்டாட்டத்தில் ஆட்டம், பாட்டு, விளையாட்டு எல்லாவற்றிலும் இவர்களுக்குள் போட்டி. சாதாரண நாட்களில் ஒரே படகில் மீன் பிடிக்கிறவர்கள் விழா நாளில் ஒருவரையொருவர் கிண்டல் பண்ணிப் பாடுவார்கள். சில நூறு பேர் தப்பிக்க வழியில்லாமல் ஒன்றாக வாழும் இடத்தில் மனக்கசப்புகள் இருக்கத்தானே செய்யும். அவற்றுக்கு இது ஒரு வடிகால் என்று நினைக்கிறேன்.

விளையாட்டில் பார்க்க வேண்டியது ‘ஆனோ’. தாழை ஓலையில் பின்னிய கனமான பந்து. இரண்டு அணிகள் எதிரெதிரே வரிசை வரிசையாக நிற்கும். பந்தைக் கையால் அடித்துக் கீழே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், விழுந்தால் எதிரணிக்குப் புள்ளி. கைப்பந்து மாதிரிதானே என்று தோன்றும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பந்துகள் ஆட்டத்தில் இருக்கும், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் முழிப்பதுதான் வேடிக்கை.

தலைநகரத்தில்

இப்போது நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஃபூனாஃபூட்டியில் வாழ்கிறார்கள். வேலை, ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம், விமானம் எல்லாம் அங்கே. அப்படியானால் வைடுபுக்காரர் தலைநகரத்தில் இருந்தால் நவம்பர் 25இல் என்ன செய்வார்? அங்கேயே கொண்டாடுவார். தலைநகரத்தில் குடியேறிய ஒவ்வொரு தீவுக்காரர்களும் ஒரு சமூகமாகச் சேர்ந்து இயங்குகிறார்கள், தங்கள் தீவு நாளை அங்கேயும் விருந்தோடு நடத்துகிறார்கள். தேவாலயத்துக்கோ கூடத்துக்கோ பணம் திரட்டுவதும் இந்தச் சமூகங்கள் வழியாகத்தான். வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை செய்யும் மாலுமிகள் அனுப்பும் பணத்துக்கும் இதில் பங்கு உண்டு.

எல்லாத் தீவுகளும் ஒன்றாகக் கூடும் நாள் அக்டோபர் 1. பிரிட்டிஷ் ஆட்சியில் துவாலு, கில்பர்ட் தீவுகளோடு (இன்றைய கிரிபாத்தி) ஒட்டவைக்கப்பட்டு ஒரே காலனியாக இருந்தது. 1974இல் வாக்கெடுப்பு நடத்திப் பிரிந்து, 1978 அக்டோபர் 1இல் சுதந்திரம் பெற்றது. டோவாரிப்பி லவுட்டி முதல் பிரதமர். விடுமுறை இரண்டு நாள். அணிவகுப்பு நடக்கும் இடம், போர்க்காலத்தில் அமெரிக்கர் போட்ட அதே ஓடுதளம். நாட்டில் அதைவிட விசாலமான வெட்டவெளி வேறு இல்லை. மற்ற நாட்களிலும் சாயங்காலமானால் ஊரே அங்கேதான். ஒரு பக்கம் கால்பந்து, ஒரு பக்கம் கைப்பந்து, நடுவில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகுகிறவர்கள். விமானம் வரும் நேரத்தில் சைரன் ஊதும், எல்லோரும் ஒதுங்கிக்கொள்வார்கள்.

சிக்கல்கள்

விருந்துக்குத் தண்ணீர் வேண்டும். இங்கே குடிதண்ணீர் என்பது கூரையிலிருந்து தொட்டிக்கு வழியும் மழைநீர். 2011இல் மழை பொய்த்தபோது சுதந்திர நாளுக்குச் சில நாட்களுக்கு முன்பு அவசரநிலை அறிவித்தார்கள். வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வாளி என்று அளந்து கொடுக்கும் நிலை. புலாக்காக் குழிகளில் உப்புநீர் கசிவதும் பல தீவுகளில் பெரிய கவலை. ஒரு தடவை உப்பு ஏறிவிட்டால் அந்தக் குழியை மீட்க வருடங்கள் ஆகும். விருந்தில் புலாக்காவுக்குப் பதில் அரிசி வருவதற்கு ருசி மட்டும் காரணமில்லை.

இடம்பெயர்வது இவர்களுக்குப் புதிதும் இல்லை. வைடுபு மக்கள் 1946லேயே ஃபிஜியில் கியோவா என்ற தீவைப் பணம் கொடுத்து வாங்கினார்கள், அடுத்த ஆண்டிலிருந்து அங்கே குடியேறினார்கள். ஒரு காலத்தில் கடனுக்குத் தீவைப் பறிகொடுக்க இருந்தவர்கள் அறுபதே ஆண்டுகளில் இன்னொரு தீவை வாங்கியது சாதாரண விஷயமில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் சில ஆயிரம் துவாலுக்காரர்கள் இருக்கிறார்கள், அங்கே ஆண்டுதோறும் துவாலு மொழி வாரம் நடக்கிறது. 2023இல் ஆஸ்திரேலியாவோடு ஃபலேபிலி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி ஆண்டுக்கு 280 பேர்வரை அங்கே நிரந்தரமாகக் குடியேறலாம். கடல் மட்டம் உயர்ந்து தீவு மூழ்கினால் இந்த விழாக்கள் என்னாகும் என்று கேட்கிறவர்கள் இந்தத் தகவல்களையும் பார்க்க வேண்டும். ஊரைவிட்டு வந்த இடத்தில் தீவு நாள் நடத்துவது எப்படி என்பதை இவர்கள் ஏற்கெனவே பழகியிருக்கிறார்கள். நிலம் இல்லாமல் புலாக்கா விளைவிப்பதற்குத்தான் வழி இல்லை.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் ஃபூனாஃபூட்டியின் நாட்களும் அக்டோபர் 1உம்தான் எளிது, ஏனென்றால் விமானம் இறங்குவது அங்கே மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் ஃபிஜி வழியாக. வெளித்தீவுகளுக்கு அரசுக் கப்பல் போகும். அதன் நாள்கணக்கு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரு தீவு நாளுக்குப் போய்ச் சேர்ந்து, உடனே திரும்பிவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். மனேயாபாவில் உட்காரச் சொன்ன இடத்தில் சம்மணமிட்டு உட்காருங்கள், பேச்சு முடியும்வரை எழுந்திருக்க வேண்டாம். ஆட வரும்படி கூப்பிட்டால் மறுக்காமல் எழுந்துவிடுங்கள். ஆடத் தெரியாது என்ற சாக்கு அங்கே எடுபடாது.